மகளுக்கு ஈரல் கொடுக்கலாமா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் இரண்டு தடவை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.2. டாக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று பத்து நாளில் நிறுத்திவிட்டாள். மாத்திரை எதற்கு, ஆட்டு ஈரலைக் கனலில் லேசாக வாட்டி தினமும் கொடு, ஒரு மாதத்தில் ரத்தம் ஊறும் என்கிறார் மாமியார். நன்றாக வேகவிட்டால் சத்து போய்விடுமாம். மகளோ அந்த வாடைக்கே மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறாள். உடம்பின் விஷமெல்லாம் சேருகிற இடம்தான் ஈரல், அதைப் போய் யாராவது தின்பார்களா என்கிறார் என் கணவர். யார் சொல்வது சரி? மூன்று மாதம் முழுகாமல் இருக்கும் என் தம்பி மனைவிக்கும் கொடுக்கலாமா? ஈரலில் கழித்துப் போடுவதை வீட்டு நாய்க்குத்தான் போடுகிறேன். அதில் ஒன்றும் தப்பில்லையே?

பதில்: ஈரலைக் கேட்டால் மாத்திரையைப் பற்றிப் பேசுகிறேனே என்று நினைக்காதீர்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 15 வயதுக்கு மேற்பட்ட பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 8-க்கும் 11-க்கும் இடையில் இருந்தால் நடுத்தரமானது. உங்கள் மகள் அந்த இடத்தில் இருக்கிறாள். ஈரல் நல்ல சாப்பாடுதான், ஆனால் இந்தப் பள்ளத்தை அது மட்டும் நிரப்பாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 32 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை. 100 கிராம் ஆட்டு ஈரலில் இருப்பது 6 முதல் 7 மில்லிகிராம். அரசுப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கும் நீல மாத்திரையில் மட்டும் 60 மில்லிகிராம் இருக்கிறது. அதற்கு ஈடாக ஈரல் தின்ன வேண்டுமென்றால் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஆகும். ஈரலிலுள்ள இரும்பில் ஒரு பங்கு உடம்பில் சீக்கிரம் சேரும் வகை என்பது உண்மை, கீரையைவிட அதில் லாபம் அதிகம். அப்படியிருந்தும் கணக்கு எட்டாது. டாக்டர் எழுதியது பெரும்பாலும் தினசரி மாத்திரையாக இருக்கும், அதோடு ஈரல் போட்டி போடவே முடியாது.

அப்புறம் ஏன் வயிற்றைப் புரட்டியது? காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் மாத்திரையை விழுங்கினாளா என்று கேளுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் கதை அதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் போய்ச் சொன்னால் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றியோ, வேறு மாத்திரையோ தருவார். மலம் கருப்பாகப் போகும், அதற்குப் பயப்பட வேண்டாம். கட்டன் சாயாவோ பால் சாயாவோ மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தள்ளியே இருக்கட்டும். ஒரு கொய்யாவோ, எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். கொல்லாம்பழம், அதாவது முந்திரிப்பழம், விழுகிற காலத்தில் அதையே கொடுங்கள். கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பில் எறிகிறோம், வைட்டமின் சி-யில் அது ஆரஞ்சைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டவுடன் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. கையிருப்பு நிரம்ப அதற்குப் பிறகும் மூன்று மாதமாவது ஆகும்.

இன்னொன்று, ரத்தம் எங்கே போகிறது என்று பார்த்தீர்களா? மாதவிடாயில் எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது என்று மகளிடம் ஒளிவு மறைவில்லாமல் கேளுங்கள். அடுத்தது கொக்கிப்புழு. நம் மாவட்டத்தில் மழைக்கும் ரப்பர் தோட்டத்து ஈர மண்ணுக்கும் குறைவில்லை. செருப்பில்லாமல் நடக்கிற காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற புழு அது. குடலில் கொக்கி போட்டுத் தொங்கி ரத்தம் குடிக்கும். அது வயிற்றில் இருக்கும்வரை நீங்கள் எத்தனை ஈரல் கொடுத்தாலும் பாதி அதன் பங்குக்குப் போய்விடும். கடைசியாக அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை எப்போது போட்டாள் என்று நினைவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு ஒன்று போடுங்கள்.

சரி, ஈரலுக்கு வருவோம். உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. நூறு வருஷத்துக்கு முன்பு அமெரிக்காவில் பெரிய டாக்டர்களே அதைத்தான் செய்தார்கள். அப்போது உயிரையே குடித்துக்கொண்டிருந்த ஒருவகை ரத்தசோகைக்கு, தினமும் கால் கிலோ வரை ஈரல் கொடுத்து ஆட்களைப் பிழைக்க வைத்ததை மினாட், மர்ஃபி என்ற இருவர் 1926-இல் வெளியிட்டார்கள். நாய்களுக்கு ஈரல் கொடுத்து முதலில் வழிகாட்டியவர் விப்பிள். மூவருக்கும் 1934-இல் நோபல் பரிசு. ஆனால் அந்த நோயாளிகளைக் காப்பாற்றியது இரும்பு இல்லை, ஈரலில் கொட்டிக் கிடக்கிற வைட்டமின் பி12. 1948-இல் அதைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகு யாரும் கஷ்டப்பட்டு ஈரல் தின்ன வேண்டியதில்லை, ஊசி வந்துவிட்டது. ஈரலால் ரத்தம் ஊறும் என்பது உண்மை. எந்த ரத்தசோகைக்கு, எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தினமும் கொடுப்பது மட்டும் வேண்டாம். காரணம் இரும்பு இல்லை, வைட்டமின் ஏ. ஆட்டு ஈரல், செம்மறி ஈரலில் இது மிக அதிகம். செம்மறி ஈரல் 100 கிராமில் 7,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 3,000-ஐத் தாண்டக் கூடாது. இது தண்ணீரில் கரைந்து வெளியே போகிற சத்தும் இல்லை, உடம்பிலேயே தங்கிச் சேரும். மாதக்கணக்கில் மிஞ்சினால் தலைவலி, முடி உதிர்தல், எலும்பு வலுக்குறைவு என்று வேறு கணக்கு தொடங்கும். வாரத்துக்கு ஒருநாள் 50 கிராம், அதாவது கட்டைவிரல் பருமனில் நாலைந்து துண்டு என்றால் பயமில்லை.

உங்கள் மகளுக்கு நான் ஆட்டு ஈரலைவிடக் கோழி ஈரலைத்தான் சொல்வேன். விலை குறைவு, வாடை குறைவு, வைட்டமின் ஏ பாதிக்கும் கீழே, இரும்போ 100 கிராமுக்கு 9 மில்லிகிராம், ஆட்டைவிட அதிகம். ஃபோலேட் என்ற பி வைட்டமினும் நிறைய. மாட்டு ஈரலில் பி12 ஏராளம், இரும்பு அவ்வளவு இல்லை, ஐந்துக்குள்தான். பன்றி ஈரலில் இரும்பு 20-ஐத் தாண்டும். ஆனால் அதில் மஞ்சள்காமாலை தரும் ஹெபடைடிஸ் ஈ கிருமி இருக்க வாய்ப்புண்டு, கொஞ்சம்கூடப் பச்சை இல்லாமல் வெந்தால்தான் வாயில் வைக்க வேண்டும்.

உங்கள் கணவர் சொல்கிற விஷக் கதை: ஈரல் விஷத்தைச் சேர்த்து வைக்கிற குடோன் இல்லை, அதை உடைத்து வெளியே அனுப்புகிற ஆலை. சேர்த்து வைப்பது இரும்பு, வைட்டமின் ஏ, பி12 போன்றவற்றைத்தான். அதனால்தானே நாம் அதைத் தேடிப் போகிறோம். ஆனாலும் அவர் பேச்சில் ஒரு துளி உண்மை இருக்கிறது. காட்மியம் போன்ற உலோகம், ஆட்டுக்கும் கோழிக்கும் போட்ட மருந்தின் மிச்சம் ஆகியவை இறைச்சியைவிட ஈரலில் கூடுதலாகத் தங்கலாம். வாரத்துக்கு ஒன்று, கொஞ்சமாக என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். விஷ ஈரல் என்று நிஜமாகவே ஒன்று உண்டென்றால் அது பேத்தை மீனுடையது. எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது. தூத்தூர்க் கரையில் பிடிக்கிற பெரிய சுறாவின் ஈரலும் சட்டிக்கு உகந்ததல்ல, அதில் வைட்டமின் ஏ கட்டுக்கடங்காமல் இருக்கும்.

தம்பி மனைவிக்கு ஈரல் வேண்டாம், எந்த ஈரலும். முதல் மூன்று மாதத்தில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் குழந்தையின் உறுப்புகள் உருவாவதில் கோளாறு வரலாம். ஏற்கெனவே ஒன்றிரண்டு முறை சாப்பிட்டிருந்தால் அவளைப் பயமுறுத்தாதீர்கள், இனி நிறுத்தினால் போதும். அதே காரணத்துக்காக மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் அவளுக்கு வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. கசாப்புக் கடையில் சுவரொட்டி என்று கேளுங்கள். அதுதான் மண்ணீரல். கருஞ்சிவப்பாக, நாக்கு மாதிரி தட்டையாக இருக்கும். செம்மறி மண்ணீரலின் கணக்கைப் பார்த்தால் 100 கிராமில் 40 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு, ஈரலைப் போல ஆறேழு மடங்கு. வைட்டமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுத்த கிழவிகள் வைட்டமின் கணக்கு பார்த்தவர்கள் இல்லை. ஆனால் கை சரியான உறுப்பில்தான் போயிருக்கிறது. அவளுக்கும் வாரம் ஒருமுறை, புதிதாக வாங்கி, முழுசாக வேகவைத்து, கொஞ்சம். டாக்டர் கொடுத்த ஃபோலிக் அமில, இரும்பு மாத்திரைகளுக்குப் பதிலாக அல்ல, அவற்றோடு. சுவரொட்டியை உங்கள் மகளுக்கும் கொடுக்கலாம்.

கனலில் லேசாக வாட்டுவது வேண்டவே வேண்டாம். இரும்பு நெருப்பில் ஆவியாகிப் போகிற பொருள் இல்லை. பி12-உம் ஃபோலேட்டும் கொஞ்சம் குறையும், மிச்சமே தாராளம். ஆனால் அரைவேக்காட்டில் கிருமி உயிரோடு நிற்கும். கோழி ஈரலில் கேம்பிலோபாக்டர் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி மேற்புறத்தில் மட்டும் இல்லை, உள்ளேயும் இருக்கும். மேலே கருகி உள்ளே சிவந்த ஈரல் அதற்குப் பாதுகாப்பான வீடு. மஞ்சள் தண்ணீரில் கழுவினால் கிருமி செத்துவிடும் என்பதும் நம்பிக்கைதான், கொல்வது சூடு மட்டுமே.

இனி கடைக்குப் போவோம். இறைச்சியைவிட ஈரல் சீக்கிரம் கெடும். ஞாயிறு பூசை முடிந்து சாவகாசமாகப் போனால் காலையிலிருந்து கொக்கியில் தொங்கியதுதான் கிடைக்கும். வெட்டுகிற நேரத்துக்கே போங்கள். துண்டு போடுவதற்கு முன் முழு ஈரலையும் கையில் வாங்கிப் பாருங்கள். நான் தொடுவெட்டிச் சந்தையில் வாங்கும்போது அதைத்தான் செய்வேன். கடைக்காரர் முகம் கொஞ்சம் சுளிக்கும், சுளிக்கட்டும். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும், விரலால் அமுக்கினால் திரும்ப எழும்பும், விளிம்பு கூர்மையாக இருக்கும். பச்சை படிந்திருந்தால் பித்தப்பை உடைந்து ஒழுகியிருக்கிறது, அந்த இடத்தை வெட்டி எறியாவிட்டால் சட்டி முழுக்கக் கசக்கும். மேலே கொழகொழப்போ புளித்த வாடையோ இருந்தால் பேசாமல் திரும்பிவிடுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் துண்டு போட்டதை வாங்கி வந்து, வீட்டில் பொதியைப் பிரித்ததும் அப்படியே மூடிக் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

ஆடு, மாட்டு ஈரலில் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். குழாய்கள் தடித்து, வெட்டினால் இலை மாதிரி தட்டைப்புழு வெளியே வந்தால் அந்த ஈரல் வேண்டாம். நுங்கு மாதிரி தண்ணீர் நிறைந்த வெள்ளைக் கட்டி இருந்தாலும் வேண்டாம். அந்தக் கட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மகள் ஓடுவது வாடைக்கு. அந்த உளும்பு வாடை ரத்தத்திலும் மேல் தோலிலும் இருக்கிறது. ஆட்டு ஈரல் என்றால் மேலே கண்ணாடித்தாள் மாதிரி இருக்கும் தோலை விரலால் நுனியில் கிள்ளி உரியுங்கள். உள்ளே வெள்ளையாக ஓடும் குழாய்களைக் கத்தி நுனியால் எடுத்துவிடுங்கள். அரை அங்குலத் துண்டுகளாக, எல்லாம் ஒரே அளவில் நறுக்கிப் பசும்பாலில் மூழ்க வைத்து, அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். பால் ரோஸ் நிறமாகும். அதைக் கொட்டிவிட்டு, துண்டுகளை ஒரு பாத்திரத் தண்ணீரில் அலசினால் போதும். குழாயைச் சடசடவென்று திறந்துவிட்டுக் கழுவினால் கிருமி அடுப்படி முழுக்கத் தெறிக்கும். பலகையையும் கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுவதற்கு முன் வேறு எதையும் தொடாதீர்கள்.

ஐந்து பேருக்கு கால் கிலோ போதும். குக்கர் வேண்டாம், நாலு விசில் விட்டால் ஈரல் ரப்பர் ஒட்டுப்பால் மாதிரி ஆகிவிடும். கல்யாணமான புதிதில் நான் அப்படி ஒன்று செய்து வைத்து, வீட்டில் ஒருவரும் மறுசோறு கேட்கவில்லை. சீனிச்சட்டியில் இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய். பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டு ஓரம் சிவக்கட்டும். பதினைந்து சின்ன உள்ளி, சதைத்த இஞ்சி, பூண்டு, இரண்டு கொத்து கறிவேப்பிலை. உள்ளி வதங்கியதும் மஞ்சள், மல்லித்தூள், கொஞ்சம் பெருஞ்சீரகம். தூளின் பச்சை வாசம் போனதும் ஈரல். தீயைக் கூட்டி இரண்டு நிமிடம் பிரட்டி, பிறகு குறைத்து ஐந்தாறு நிமிடம் மூடுங்கள். மூடியைத் திறந்து இருப்பதிலேயே தடித்த துண்டை எடுத்து நடுவில் வெட்டிப் பாருங்கள். சிவப்போ ரோஸோ இல்லாமல், வடிகிற சாறு தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி. வெந்ததற்கு மேல் ஒரு நிமிடம்கூட வைக்காதீர்கள், அங்கேதான் கடினமும் வாடையும் ஏறுகிறது. உப்பை நான் கடைசியில்தான் போடுவேன். அப்போதே இடித்த நல்லமிளகு ஒரு கரண்டி, இறக்கிய பிறகு அரை எலுமிச்சை. வாடையை அடக்குவதில் நல்லமிளகையும் எலுமிச்சையையும் மிஞ்ச ஒன்றுமில்லை.

இதுவும் அவளுக்கு இறங்காவிட்டால் ஈரல் என்று சொல்லாமல் கொடுக்கிற வழி: கோழி ஈரலை மேலே சொன்னபடி முழுக்க வேகவைத்து ஆறவிட்டுப் பிசையுங்கள். நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய மரச்சீனிக் கிழங்கு, அதைப் போல மூன்று பங்கு. உள்ளி, பச்சைமிளகாய், நல்லமிளகு, கறிவேப்பிலை சேர்த்து உருட்டித் தட்டிக் கல்லில் சுட்டால் கட்லெட். பச்சை ஈரலை அரைத்துச் சேர்க்காதீர்கள், நடுப்பகுதி வேகாமல் போகும். அவள் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம், சாப்பிட்டு முடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

மாமியாருக்கு யூரிக் அமிலமோ மூட்டில் கவுட் வலியோ இருந்தால் அவர் தட்டில் ஈரல் வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கு மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டே சாப்பிடட்டும், கோழி ஈரலில் கொலஸ்ட்ரால் மிக அதிகம்.

ஒரு மாதம் மாத்திரையை விடாமல் போட்டபின் ரத்தத்தை மறுபடி பாருங்கள். ஹீமோகுளோபின் ஒன்றாவது, அதாவது 9.2 இருந்தால் 10.2 ஆகவாவது, ஏறியிருக்க வேண்டும். ஏறவே இல்லை என்றால் உணவைக் குறை சொல்லாமல் டாக்டரிடம் போங்கள், ரத்தம் வேறெங்கோ கசிகிறது, அல்லது இது இரும்புக் குறைவே இல்லை.

நாய் விஷயம். நல்ல வேளை கேட்டீர்கள். நான் சொன்ன அந்தத் தண்ணீர்க் கட்டி நாய்களின் குடலில் வாழும் ஒருவகை நாடாப்புழுவின் குஞ்சு. நீங்கள் அந்த ஈரலைத் தின்றால் அந்த நோய் வராது. நாய் பச்சையாகத் தின்றால் அதன் வயிற்றில் புழு வளர்ந்து, மலத்தில் முட்டை வரும். நாயைத் தடவிய கையோடு சோறுண்ணும் பிள்ளையின் வாய்க்கு அந்த முட்டை போனால், அதே கட்டி பிள்ளையின் ஈரலில், நுரையீரலில் வருஷக்கணக்கில் வளரும். அறுவை சிகிச்சை வரைக்கும் போகும். அதனால் கட்டி இருக்கிற ஈரலை ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள், தோப்பில் எறிந்தால் தெருநாய் கிண்டிவிடும். கட்டி இல்லாத தோலையும் குழாயையும் நாய்க்குப் போடுவதென்றால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள். அடுத்த முறை கால்நடை மருத்துவமனைக்குப் போகும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். சாதாரண பூச்சி மருந்து எல்லாமே அதைக் கொல்லாது.